நகரமா, புறநகரா, சிற்றூரா, கிராமமா: வீட்டை வாரக் கணக்கில் ஒப்பிடுங்கள்

வீடு பார்க்கிறவர்கள் முதலில் வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்ப்பார்கள். விற்கிறவர்கள் நிமிடத்தைச் சொல்வார்கள். ‘ரயிலில் 35 நிமிடம்தான்’ என்ற பேச்சில் வாசலிலிருந்து நிலையம் வரைக்குமான நடை இல்லை, காத்திருப்பு இல்லை, இறங்கிய பிறகான நடையும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வாரத்தில் எத்தனை நாள் அந்தப் பயணம் என்ற எண் அதில் இல்லை. இன்று ஐந்து வகை இடங்களை வரிசைப்படுத்துவது அந்த எண்தான்: உள்நகரத்துச் சிறு வீடு, ரயிலடிப் புறநகர், சாலையை மட்டும் நம்பிய புறநகர், சிற்றூர், கிராமம்.

ஊரின் அளவை நெடுங்காலம் பயண வேகமே தீர்மானித்தது. மனிதர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் அளவில்தான் பயணத்துக்குக் கொடுக்கிறார்கள் என்று போக்குவரத்து ஆய்வாளர் யாக்கோவ் ஸஹாவி 1970களிலும் இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இலும் எழுதினார்கள். வண்டி வேகமானால் அந்த நேரம் குறைவதில்லை, தூரம்தான் கூடுகிறது. மணிக்கு 5 கி.மீ. நடப்பவருக்குப் போக அரை மணி, வர அரை மணி என்றால் ஊரின் ஆரம் 2.5 கி.மீ. 1830இல் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில், 1888இல் அமெரிக்காவின் ரிச்மண்டில் ஃபிராங்க் ஸ்ப்ரேக் ஓடவிட்ட மின்சார டிராம், 1908இல் ஃபோர்டின் மாடல் டி என ஒவ்வொன்றும் அந்த ஆரத்தை இழுத்து நீட்டின. தண்டவாளம் நகரத்தை நட்சத்திர வடிவில் வளர்த்தது. கார் வந்து நடுவிலிருந்த இடைவெளிகளை அடைத்தது.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பது வேறு வகை மாற்றம். அது வேகத்தைத் தொடுவதே இல்லை, தடவைகளைக் குறைக்கிறது. நாளுக்கு ஒரு மணி என்பதை வாரத்துக்கு 5 மணி என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. 300 நிமிடத்தை, போகும் நாட்களின் இரு மடங்கால் வகுங்கள். ஐந்து நாளும் போகிறவருக்கு ஒரு வழி 30 நிமிடம். மூன்று நாள் போகிறவருக்கு 50. இரண்டு நாள் என்றால் 75. ஒரே நாள் என்றால் 150. இதே வரிசையில்தான் உள்நகரம், ரயிலடிப் புறநகர், சிற்றூர், கிராமம் ஆகியவை ஒவ்வொன்றாக எட்டும் தூரத்துக்கு வருகின்றன. 5 மணி என்பது சட்டமில்லை. 8 மணி தாங்குகிறவர்களும் உண்டு, 3 மணிக்கே சலித்துப்போகிறவர்களும் உண்டு. உங்கள் எண்ணை முதலில் எழுதிக்கொண்டு அதை வகுத்தால் போதும்.

இந்தச் சலுகை எல்லோருக்கும் கிடையாது. அமெரிக்காவில் 37 சதவீத வேலைகளையே முழுக்க வீட்டிலிருந்து செய்ய முடியும் என்று பொருளாதார அறிஞர்கள் ஜொனாதன் டிங்கலும் ப்ரெண்ட் நைமனும் 2020இல் கணக்கிட்டார்கள். வருமானம் குறைந்த நாடுகளில் அந்தப் பங்கு இன்னும் சிறியது. செவிலியர், ஓட்டுநர், கடை ஊழியர், ஆலைத் தொழிலாளி ஆகியோருக்குப் போகும் நாட்கள் ஐந்தோ ஆறோதான். வீட்டில் ஒருவர் கணினி வேலையிலும் மற்றவர் மருத்துவமனையிலும் இருந்தால், மருத்துவமனைக்குப் போகிறவரின் எண்ணை வைத்துத்தான் இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். பல குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

நிமிடத்தை அளப்பது எப்படி

வாசலில் செருப்பைப் போடுவதிலிருந்து இருக்கையில் உட்காரும் வரை அளக்க வேண்டும். உயரமான கட்டடத்தில் காலை நெரிசலில் லிஃப்டுக்கு நிற்கும் நான்கைந்து நிமிடமும் இதில் சேர்த்தி. பத்தாவது மாடி அலுவலகமும் பதினைந்தாவது மாடி வீடும் சேர்ந்தால், ‘பக்கத்திலேயே நிலையம்’ என்ற நன்மையில் பாதி போய்விடும்.

மிக மோசமாகத் தவறு நேர்வது காத்திருப்பில். பேருந்து 20 நிமிடத்துக்கு ஒன்று என்றால் சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம் என்று போடுவோம். வண்டிகள் சரியான இடைவெளியில் வந்தால்தான் அது உண்மை. நெரிசலில் முன் வண்டி தாமதமாகும்போது அடுத்த நிறுத்தங்களில் ஆட்கள் கூடுகிறார்கள், ஏறி இறங்க நேரமாகிறது, அது மேலும் பின்தங்குகிறது, பின்னால் வரும் வண்டி காலியாக ஓடி வந்து அதை ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து வந்து, பிறகு 40 நிமிடம் ஒன்றுமில்லை என்றானால், அட்டவணை மாறாமலே உங்கள் சராசரிக் காத்திருப்பு 20 நிமிடம் ஆகிவிடுகிறது.

இணைப்பு தவறுவது அதைவிடக் கொடுமை. ரயிலிலிருந்து இறங்கி மணிக்கு ஒன்று ஓடும் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று வையுங்கள். ரயில் 5 நிமிடம் தாமதித்தால் இழப்பு 5 நிமிடமல்ல, ஏறத்தாழ ஒரு மணி நேரம். பத்தில் ஒரு நாள் இப்படி நடந்தால் சராசரியில் 6 நிமிடம்தான் கூடும். ஆனால் அந்த ஒரு நாளில் குழந்தை பள்ளி வாசலில் நிற்கும். ஆகவே சராசரியை ஒதுக்கிவிட்டு, பத்துப் பயணங்களை அளந்து அவற்றில் இரண்டாவது மோசமானதை எடுத்துக்கொள்ளுங்கள். 300 நிமிடக் கணக்கில் கிடைத்த எண்ணோடு ஒப்பிட வேண்டியது அதைத்தான். கடைசிக் கட்டப் பயணத்தில் வண்டி 15 நிமிடத்துக்கு ஒன்றுக்கும் குறைவாக ஓடினால், அந்த வண்டி இல்லை என்றே வைத்துக்கொண்டு மாற்றுவழி பாருங்கள்.

ரயிலடியும் சாலையடியும்

இந்த இரண்டு புறநகர்களும் குடிவந்த அன்று ஒன்றுபோலத் தெரியும். சாலைப் புறநகரில் வீடு பெரிதாகவே இருக்கும், பயணமும் சில சமயம் குறைவாக இருக்கும். வித்தியாசம் ஐந்தாண்டு கழித்துத் தெரியும்.

1964இல் அமெரிக்கப் பொதுச் சாலைகள் பணியகம் வெளியிட்ட ஒரு சூத்திரம் இன்றும் போக்குவரத்துத் திட்டங்களில் புழங்குகிறது. வண்டிகளின் எண்ணிக்கையைச் சாலையின் கொள்ளளவால் வகுத்து, அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, 0.15ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது பயண நேரம் எத்தனை பங்கு கூடும் என்ற எண். சாலை பாதி நிறைந்திருந்தால் கூடுவது ஒரு சதவீதம்கூட இல்லை. முழுக்க நிறைந்தால் 15 சதவீதம். கொள்ளளவைப் போல ஒன்றரை மடங்கு வண்டிகள் போக முயன்றால் 76 சதவீதம். அதாவது காலிச் சாலையில் 30 நிமிடப் பயணம், பாதி நிறைந்தாலும் 30தான், முழுதும் நிறைந்தால் 34.5, அதற்கு மேல் பாதி கூடினால் 53 நிமிடம். நெரிசல் வரும்வரை எதுவும் தெரியாது, வந்த பிறகு வேகமாக வரும். புதுப் புறநகரின் முதல் கட்ட வீடுகளை வாங்குகிறவர்கள் பார்ப்பது அந்தத் தட்டையான பகுதியை.

சாலையை அகலப்படுத்துவார்கள் என்று காத்திருக்கலாம். பெருநகரங்களில் நெரிசல் நேரத்துப் போக்குவரத்து புது விரைவுச்சாலையையும் நிரப்பும் அளவுக்கு உயரும் என்று பொருளாதார அறிஞர் ஆந்தனி டவுன்ஸ் 1962இலேயே எழுதினார். ஜில் டுரான்டனும் மேத்யூ டர்னரும் 2011இல் அமெரிக்க நகரங்களின் தரவைக் கொண்டு, மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைகளின் தட நீளம் கூடும் விகிதத்திலேயே வண்டிகள் ஓடும் தூரமும் கூடுகிறது என்று காட்டினார்கள்.

ரயிலில் இது எதிர்த்திசையில் வேலை செய்கிறது. விரைவுச்சாலையின் ஒரு தடத்தில் மணிக்கு ஏறத்தாழ 1,800 முதல் 2,000 வண்டிகள் போகலாம். வண்டிக்கு ஒன்றரைப் பேர் என்றாலும் 3,000 பேருக்கு மேல் இல்லை. ஒரு மெட்ரோ பாதை ஒரு திசையில் மணிக்கு 30,000 பேரைத் தாங்கும். அந்த வரம்பை எட்டும்வரை, ஆட்கள் கூடக்கூட வண்டிகளை அடிக்கடி ஓட்டலாம், காத்திருப்பு எல்லோருக்கும் குறையும். 1972இல் பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் மோரிங் விளக்கியது இதைத்தான். வீடு வாங்குகிறவருக்கு இதன் பொருள்: புதிதாக வரும் அயலார் சாலைப் புறநகரில் உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்கிறார்கள், ரயிலடியில் கொஞ்சம் கொடுக்கிறார்கள். உட்கார இடம் கிடைக்காது என்பது அதற்கான கூலி.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஓடாத ரயிலை நம்பி வீடு வாங்கக் கூடாது. பென்ட் ஃப்ளூபியாவும் சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் ரயில் திட்டங்களின் செலவு மதிப்பீட்டைவிடச் சராசரியாக 45 சதவீதம் கூடியிருந்தது. செலவு கூடும் இடத்தில் நாளும் தள்ளிப்போவது வழக்கம். ‘அடுத்த ஆண்டு மெட்ரோ வருகிறது’ என்று இப்போதே விலை ஏற்றிக் கேட்கும் இடத்தை, மெட்ரோ இல்லாத இடமாகவே மதிப்பிடுங்கள்.

ரயிலடிக்கும் ஒரு பலவீனம் உண்டு. பெரும்பாலான பாதைகள் மையத்தை நோக்கியே போகின்றன. வேலை மையத்திலேயே இருந்தால் சிக்கலில்லை. 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீனின் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் பெட்டகச் (கன்டெய்னர்) சரக்கோடு புறப்பட்டதிலிருந்து சரக்கு வேலைகள் துறைமுகத்தையும் ரயில் முற்றத்தையும் விட்டு மெல்ல நகர்ந்தன. கிடங்குக்கு ஒரே தளத்தில் பரந்த நிலமும் லாரி திரும்ப இடமும் வேண்டும். அது நெடுஞ்சாலைச் சந்திப்பில்தான் கிடைக்கும். இணைய வணிகம் அதே கிடங்குகளைப் பெரிதாக்கி மூன்று ஷிப்டும் ஓட்டுகிறது. அந்த வேலைக்குப் போகிறவர் ரயிலில் மையத்துக்குப் போய் வெளியே திரும்பி வர வேண்டியிருக்கும், ஷிப்டு முடியும் நேரத்தில் வண்டியே இருக்காது. சுற்றுச்சாலையோரம் இப்படி வேலை பார்க்கிறவருக்குச் சாலைப் புறநகர்தான் சரி. அதிலும் வேலையிடத்துக்கு 8 கி.மீ.க்குள், நெடுஞ்சாலை ஏறாமல் போகும் உள்வழி இருக்கும் பக்கமாகப் பார்க்க வேண்டும்.

மின்வண்டியால் என்ன மாறுகிறது

பேட்டரிக் கார் நெரிசலைக் குறைக்காது. பெட்ரோல் காரின் அதே இடத்தை அதுவும் அடைக்கும். கிலோமீட்டருக்கான செலவு குறைவதால் இன்னும் தள்ளிக் குடிபோகத் தூண்டும், அவ்வளவுதான்.

உண்மையான மாற்றம் சிறிய வண்டியில் இருக்கிறது. நிலையத்துக்கு 12 நிமிட நடை என்றால் 1 கி.மீ. ஆரம், சுமார் 3 சதுர கி.மீ. பரப்பு. அதே 12 நிமிடத்தில் மணிக்கு 20 கி.மீ. போகும் மின்சைக்கிளில் 4 கி.மீ. ஆரம், 50 சதுர கி.மீ. பரப்பு. பதினாறு மடங்கு. நிலையத்தை ஒட்டிய வீட்டுக்குக் கேட்கும் கூடுதல் விலையைத் தவிர்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மூன்றைச் சரிபாருங்கள்: நிலையத்தில் பூட்டி நிறுத்தக் கூரையுள்ள இடம், மழையில் தண்ணீர் தேங்காத பாதை, கழற்றி மேலே கொண்டுபோகக்கூடிய பேட்டரி. முதலாவது இல்லாவிட்டால் பேட்டரி திருட்டுப் போகும். இரண்டாவது இல்லாவிட்டால் மழைக்காலம் முழுக்கத் திட்டம் படுத்துவிடும்.

கார் வாங்கத்தான் வேண்டும் என்றால் சார்ஜ் செய்யும் இடம் வீட்டோடு இருக்க வேண்டும். நாளுக்கு 60 கி.மீ. ஓட்டம், கிலோமீட்டருக்கு 150 வாட்-மணி என்றால் 9 கிலோவாட்-மணி. 3.3 கிலோவாட் இணைப்பில் மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும், இரவே போதும். சொந்த நிறுத்துமிடம் இல்லாத அடுக்ககத்தில் இது நடக்காது. நீட்டிப்புக் கம்பி போட்டு ஏற்றுகிறவர்கள் செருகியின் முனை சூடேறி உருகுவதைப் பார்ப்பார்கள்; பல மணி நேரம் முழுச் சுமை இழுக்க அது செய்யப்படவில்லை. மின்கம்பி வரிசையின் கடைக்கோடியில் இருக்கும் கிராமத்து வீட்டில் சிக்கல் வேறு மாதிரி. மாலையில் மின்னழுத்தம் தாழும்போது சார்ஜர் தானாகவே நின்றுவிடும். அங்கே பின்னிரவுக்கு நேரம் வைத்துவிட வேண்டும்.

சிற்றூரும் கிராமமும்

வாரம் ஒருநாள் இரண்டுநாள் போகிறவர்கள் நேரே கிராமத்தைக் கனவு காண்கிறார்கள். இடையில் இருக்கும் சிற்றூரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். விரைவு ரயில் நிற்கும் நிலையம், மருத்துவமனை, மேல்நிலைப் பள்ளி, கடைத்தெரு எல்லாம் 2 கி.மீ.க்குள் இருக்கும் சிற்றூர்தான் இந்தப் பட்டியலில் மிகக் குறைவாக மதிக்கப்படும் இடம் என்பது என் கருத்து. வேலைப் பயணம் குறைந்தாலும் மற்றப் பயணங்கள் குறைவதில்லை, வீட்டிலிருப்பவர்கள் பகலில் கூடுதலாகவே வெளியே போகிறார்கள். சிற்றூரில் அவை நடையில் முடியும். கிராமத்தில் ஒவ்வொன்றுக்கும் வண்டி எடுக்க வேண்டும்.

ஒரு வழி 150 நிமிடம் தாண்டினால் பயணமும் வேலையும் சேர்ந்து நாள் 14 மணி நேரமாகும். மாதம் நான்கு முறை தாங்கலாம். வாரம் இரண்டு நாள் என்றால் அந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, நடுவில் ஒரு இரவு நகரத்தில் தங்குவதே வழி. 600 நிமிடம் 300 ஆகும். செவ்வாய், வியாழன் என்று பிரித்துக் கொடுக்கும் நிறுவனமாக இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். ஆகவே எத்தனை நாள் என்பதோடு எந்தெந்த நாள் என்பதையும் கேளுங்கள்.

கிராமத்தை முடிவுசெய்யும் முன் இணையத்தைச் சோதிக்க வேண்டும், பதிவிறக்க வேகத்தைப் பார்த்து ஏமாறாமல். காணொளிக் கூட்டத்துக்குப் போகவும் வரவும் நொடிக்குத் தலா 3, 4 மெகாபிட் போதும். கெடுப்பது பதிவேற்றமும் தாமதத்தின் ஏற்ற இறக்கமும் வழியில் தொலையும் தரவுப் பொட்டலங்களும். இரவு 7 முதல் 10 வரை ஒரு வாரம் தொடர்ந்து சோதியுங்கள். தொலைவது ஒரு சதவீதத்துக்குக் கீழ், தாமதத்தின் ஆட்டம் 30 மில்லிநொடிக்குக் கீழ் இருந்தால் பேச்சு உடையாது. நிலைத்தடச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருப்பதால் கேள்வி போய்ப் பதில் திரும்ப அரை நொடிக்கு மேல் ஆகும். இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே இருப்பார்கள். தாழ்பாதைச் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கி.மீ.யில் சுற்றுவதால் அந்தக் குறை இல்லை, ஆனால் வானம் திறந்திருக்க வேண்டும். தோப்புக்குள் இருக்கும் வீட்டில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை துண்டிக்கும்.

இரண்டு இணைப்பு வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பது பாதி சரி. கண்ணாடி இழையும் கைபேசிக் கோபுரமும் ஊருக்குள் வருவது ஒரே கம்பவரிசை வழியாக இருக்கலாம். சாலை தோண்டும் இயந்திரம் ஒரு வெட்டில் இரண்டையும் அறுத்துவிடும். கோபுரத்தின் பேட்டரியும் சில மணி நேரமே தாங்கும். நீண்ட மின்வெட்டில் முதலில் உங்கள் வீடு இருளும், பிறகு கைபேசியும் அடங்கும்.

மின்சாரத்துக்கும் கணக்குப் போடுங்கள். மடிக்கணினி 50 வாட், திரை 25, திசைவியும் இழைப்பெட்டியும் 20, விளக்கும் மின்விசிறியும் 55 என்றால் 150 வாட். 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் எழுத்தில் 1.8 கிலோவாட்-மணி இருக்கும். நீடித்து உழைக்க வேண்டுமானால் பாதிதான் எடுக்கலாம், இன்வெர்ட்டரில் இன்னும் 15 சதவீதம் போகும். மிஞ்சுவது 0.77. ஐந்து மணி நேரம், ஒரு முழு வேலைநாள் அல்ல. திசைவிக்குத் தனியாக ஒரு சிறு 12 வோல்ட் காப்பு வைத்துவிட்டால், இன்வெர்ட்டர் மாறும் நொடியில் அது அணைந்து மீண்டும் எழ எடுக்கும் மூன்று நிமிடம் மிச்சம்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும்: வீட்டில் வண்டி ஓட்டாதவர் யார்? வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராக வண்டி வாங்கும்போது பேருந்தில் ஆள் குறைகிறது, பேருந்து ஓடும் தடவைகள் வெட்டப்படுகின்றன, அதைப் பார்த்து இன்னும் சிலர் வண்டி வாங்குகிறார்கள். முடிவில் முதியவரும் பதினைந்து வயதுப் பிள்ளையும் மற்றவர் ஓட்டிப்போனால்தான் எங்கும் போகலாம் என்றாகிறது. அந்த ஓட்டுநர் வேலை வீட்டிலிருந்து பணிபுரிகிறவர் தலையில்தான் விழும், அவருடைய அலுவலக நேரத்திலேயே.

வேலையே கிராமத்தில் இருப்பவர்களுக்கு, அதாவது வேளாண்மை, பள்ளி, சுகாதார நிலையம் என்று, மேலே உள்ள இணையக் கவலை பெரிதில்லை. அவர்களுக்கு இந்த வண்டிக் கேள்வி மட்டுமே.

வேலை மாறினால்

வீட்டைவிட வேலை சீக்கிரம் மாறும். விதிகள் அதைவிடச் சீக்கிரம் மாறும். யாஹூ 2013இல் வீட்டுவேலையை நிறுத்தியது. அமேசான் 2024 செப்டம்பரில் அறிவித்து 2025 ஜனவரியிலிருந்து ஐந்து நாளும் வரச் சொன்னது. வாரம் ஒருநாள் என்று நம்பி 150 நிமிடத் தொலைவில் வாங்கியவருக்கு அப்படியொரு கடிதம் வந்தால் வாரத்துக்கு 25 மணி நேரப் பயணம். வாய்ப்பேச்சாகச் சொன்னதா, நியமன ஒப்பந்தத்தில் இருக்கிறதா, மாற்ற எத்தனை மாத முன்னறிவிப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்ற இடைவழி ஏற்பாடு ஓரளவு நிலைக்கும் என்று நம்பக் காரணம் இருக்கிறது. பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ப்ளூமும் சகாக்களும் டிரிப்.காம் என்ற சீனப் பயண முன்பதிவு நிறுவனத்தின் 1,612 ஊழியர்களிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட சோதனையில், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து பணிபுரிந்தவர்களில் வேலையை விடுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், பதவி உயர்வு பாதிக்கப்படவில்லை. நிறுவனத்துக்கும் இலாபம் என்பதால் மூன்று நாள் போய்வரும் முறையை நம்பித் திட்டமிடலாம். ஒருநாள் முறையை நம்பி வாடகைக்குத்தான் போகலாம்.

இந்த வேலை போனால் 60 நிமிடத்துக்குள் எட்டும் வேறு வேலைகள் உங்கள் துறையில் எத்தனை? உள்நகரத்துக்கு இதில்தான் முழு வெற்றி. அதன் குறை இடம்: இருவர் ஒரே சமயம் கூட்டத்தில் பேச, கதவு சாத்தக்கூடிய இரண்டு மூலைகள் வேண்டும், சிறு வீட்டில் அது இராது. ஐந்து நாளும் போகிறவர்களுக்கு அந்தக் குறை உறைக்காது. வீட்டில் இருவருக்கும் எதிரெதிர்த் திசைகளில் வேலை என்றாலும், இரவு ஷிப்டு என்றாலும் உள்நகரம்தான். மூன்று நாளுக்கு ரயிலடிப் புறநகர், நடையிலோ மின்சைக்கிளிலோ நிலையம் எட்டும் இடத்தில். இரண்டு நாளோ ஒரு நாளோ என்றால் விரைவு ரயில் நிற்கும் சிற்றூர். சாலைப் புறநகர், சுற்றுச்சாலை வேலைக்கு மட்டும். கிராமம், வேலை அங்கேயே இருந்தாலோ, சோதனை வாரத்தில் இணையம் தாங்கி, வீட்டில் இருவராவது வண்டி ஓட்டினாலோ.

வாங்கும் முன் மூன்று மாதம் அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள். மழையும் மின்வெட்டும் மிகுந்த மாதங்களாக, பள்ளிகள் திறந்திருக்கும் காலமாக இருக்கட்டும். விடுமுறை மாதத்துச் சாலையை அளந்து எடுத்த முடிவு, பள்ளி திறந்த முதல் திங்கட்கிழமையே பொய்த்துவிடும்.